தாத்தாவின் க்ஷவரக் கத்தி

"க்ஷவரக் கத்தியைப் பற்றி எங்களிடம் வந்து ஏன் சொல்ல வேண்டும்? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம், சகோதரிகளே! கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீட்டில் பரணை ஒழிப்பது யார்? பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, "இது வேண்டும், இது வேண்டாம்" என்று தரம் பிரிப்பது யார்? அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரருக்கு வெளியே ஏதாவது அவசர வேலை வந்துவிடும். ஆகவே, பெட்டியின் அடியில் பழைய வேஷ்டித் துணியில் சுற்றிக் கிடக்கும் அந்த மடக்குக் கத்தி கடைசியில் உங்கள் கைக்குத்தான் வந்து சேரும்.

துணியைப் பிரித்துப் பார்த்தால் முகத்தைச் சுளிக்கத் தோன்றும். அலகு முழுவதும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் தூசியும் துணி நூலும் படிந்திருக்கும். "துருப்பிடித்துவிட்டது" என்று பழைய இரும்புக்காரருக்குப் போட எடுத்து வைப்பவர்கள் உண்டு. "புளியைப் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும்" என்று குழாயடிக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். அது துருவாக இல்லாமலே இருக்கலாம். தாத்தா கடைசியாக அந்தக் கத்தியை மடக்கி வைத்தபோது, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தடவிய எண்ணெயாக இருக்கலாம்.

முதலில் கத்தியின் ஜாதகத்தைப் பாருங்கள். அலகும் பிடியும் சேரும் இடத்தில், அலகின் அடிப்பாகத்தில், சிறிய எழுத்துகள் பொறித்திருக்கும். ஷெஃபீல்ட் என்றிருந்தால் இங்கிலாந்துச் சரக்கு. ஸோலிங்கன் என்றிருந்தால் ஜெர்மனி. இந்த இரண்டு ஊர்களும் கத்திக்குப் பேர்போனவை. காஞ்சிபுரத்துக்குப் பட்டு எப்படியோ, ஸோலிங்கனுக்குக் கத்தி அப்படி. அந்த ஊர்ப் பெயரைக் கண்டவர்களெல்லாம் கத்தியில் பொறித்துக்கொள்ளக் கூடாது என்று ஜெர்மனியில் 1938-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் கில்லெட் என்பவர் 1904-ம் ஆண்டில் பாதுகாப்பு ரேஸருக்குக் காப்புரிமை வாங்கினார். தேய்ந்தால் தூக்கி எறிந்துவிடலாம் என்ற மெல்லிய பிளேடு அதனோடு வந்தது. அதற்கு முந்திய தலைமுறைகளில் உலகமெங்கும் ஆண்களின் முகத்தை மழித்தது இந்த மடக்குக் கத்திதான். ஒரு கத்தி வாங்கினால் ஆயுள் முழுவதும் வரும்; கல்லில் தீட்டி, தோல் வாரில் பதம் பார்த்து வைத்தால் பிள்ளைக்கும் வரும். துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்ட் நகரத்து ஹாரி பிரியர்லி 1913-ம் ஆண்டில்தான் உருக்கி எடுத்தார். ஆகவே பழைய கத்திகள் அநேகமாக எல்லாமே சாதாரணக் கரி எஃகு. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். அதனால்தான் எண்ணெய் தடவினார்கள்.

நல்லதுக்குத் தடவிய எண்ணெய் ஏன் இப்படிப் பிசினாகிவிட்டது? இதற்குப் பதில் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. புதுத் தோசைக்கல்லை வாங்கி வந்தால் எப்படிப் பழக்குகிறீர்கள்? எண்ணெய் தடவிச் சூடாக்குகிறீர்கள். மறுபடி தடவிச் சூடாக்குகிறீர்கள். எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, அதன் அணுக்கூட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, கெட்டியான ஒரு படலமாகிவிடுகிறது. தோசை ஒட்டாமல் வருவது அந்தப் படலத்தின் புண்ணியம். பெட்டிக்குள் கிடந்த கத்தியிலும் அதேதான் நடந்திருக்கிறது. தோசைக்கல்லில் அரை மணியில் நடப்பது, நெருப்பில்லாமல் முப்பது நாற்பது வருஷத்தில் நடந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லா எண்ணெயும் ஒன்றுபோல் உலர்வதில்லை. எந்த எண்ணெய் எவ்வளவு சுலபமாக உலரும் என்பதற்கு அயோடின் எண் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 6 முதல் 11 வரை. நல்லெண்ணெய்க்கு 100-க்குச் சற்று மேல். ஓவியர்கள் வர்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். எண் ஏற ஏறப் படலம் கெட்டியாகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக உலராது. ஆனால் நாளானால் சிக்குவாடை அடிக்கும். சிக்குப் பிடித்த எண்ணெயில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் எஃகை மெல்ல மெல்ல அரிக்கும். படிந்த தூசியோ ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காவலுக்கு நிறுத்தி வைத்த ஆளே கன்னம் வைக்கிற கதைதான்!

சரி, இருப்பது எண்ணெயா, துருவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, அலகின் நடுப்பாகத்தில் மெல்ல ஒற்றித் துடையுங்கள். பஞ்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறைபட்டு, அடியில் எஃகு பளிச்சிட்டால் எண்ணெய். பார்வைக்குச் சொரசொரப்பாகச் செம்மண் நிறத்தில் இருந்து, எத்தனை துடைத்தாலும் இடத்தை விட்டு நகராவிட்டால் துரு. அநேகமாக இரண்டும் கலந்தே இருக்கும். எண்ணெயை எடுத்தால்தான் துரு எவ்வளவு என்பதே தெரியும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் சில நிபந்தனைகள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், மேஜைமேல் பழைய துவாலையை நான்காக மடித்துப் போட்டு, உட்கார்ந்துகொண்டு செய்யுங்கள். பேச்சுக்கு யாராவது வந்தால் கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் பேசுங்கள். எத்தனை வருஷம் பெட்டியில் கிடந்தாலும் அதன் கூர் இன்னும் தூங்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கத்தி திறக்க வரவில்லையா? பலவந்தம் பண்ணாதீர்கள். பிசின் பிடித்த கத்தி திடீரென்று விடுபட்டுத் திறந்தால் விரல் போய்விடும். ஆணி அடித்திருக்கும் மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் அலகின் முதுகைப் பிடித்து மெதுவாகத் திறந்தால் வழிக்கு வந்துவிடும்.

அடுத்தபடி பிடியைக் கவனியுங்கள். கத்தியை விடப் பிடிதான் சீக்கிரம் கெட்டுப்போகும். மாட்டுக் கொம்பு, எலும்பு, மரம் இவற்றாலான பிடிகள் தண்ணீரில் ஊறினால் உப்பிக் கோணும், வெடிக்கும். யானைத் தந்தமும் அப்படியே. (தந்தம் என்று சந்தேகம் இருந்தால் விற்கும் பேச்சே எடுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வியாபாரம் குற்றம்.) ஆமை ஓடு போலவோ தந்தம் போலவோ தோன்றும் பல பிடிகள் உண்மையில் செல்லுலாய்ட். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கட்டை விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். லேசாகக் கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்ட்தான். கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்வார்கள். அது நெருப்பைக் கண்டால் குபீரென்று பற்றும். நகப்பூச்சு அழிக்கும் அஸிடோன் பட்டால் கரைந்துபோகும். ஆகவே பிடியின்மேல் பிளாஸ்டிக் காகிதத்தைச் சுற்றி, நூலால் கட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

இனி சுத்தம் செய்யும் முறை. மருந்து கொடுக்கும் வைத்தியர் கஷாயத்தில் ஆரம்பித்துப் படிப்படியாகப் போவது போல, நாமும் மென்மையானதில் ஆரம்பிப்போம்.

முதலில் உலர்ந்த பழைய துணியால் துடையுங்கள். எப்போதும் முதுகிலிருந்து கூரை நோக்கி, கூரைத் தாண்டி வெளியே போகும்படி துடைக்க வேண்டும். கூரின் நீளத்தோடு ஒருபோதும் துடைக்கக் கூடாது. கூருக்கு எதிராகவும் கூடாது. அலகை விரலுக்கு நடுவில் பிடித்து உருவும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதைக் கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். கத்தியைத் தண்ணீரில் போட வேண்டாம். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும்.

மூன்றாவது, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட். பஞ்சில் நனைத்து அலகின்மேல் ஒரு நிமிஷம் வைத்திருந்து பிறகு துடையுங்கள். கை கழுவும் சானிடைஸரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் கிளிசரின் முதலியவை சேர்ந்திருப்பதால் ஒரு பிசுக்குப் போய் வேறு பிசுக்கு வரும்.

நான்காவது, இதற்கும் மசியாத பழைய பிசினுக்கு டர்பன்டைன். வர்ணக் கடையில் கிடைக்கும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் சரி. துணிக் கீற்றை நனைத்து அலகில் சுற்றி, இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிடுங்கள். இளகிய பிசினை ஐஸ்கிரீம் குச்சியாலோ மூங்கில் சிம்பாலோ நெருடி எடுங்கள். கத்தியாலும் ஊசியாலும் சுரண்ட வேண்டாம்.

ஐந்தாவது, தோசைக்கல் படலம் போலவே இறுகிவிட்ட இடங்கள். டர்பன்டைன் இங்கே தோற்றுப்போகலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடாவைக் கரைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, நனைத்த துணியை அந்த இடத்தில் மட்டும் கால் மணி வைத்துத் துடையுங்கள். காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும், எஃகுக்குத் தீங்கில்லை. பிடியின்மேல் மட்டும் படக் கூடாது. செல்லுலாய்ட் பிடி இல்லை என்று நிச்சயமானால், காதுப் பஞ்சுக் குச்சியில் அஸிடோனைத் தொட்டும் துடைக்கலாம்.

சில கத்திகளின் அலகில் பூவேலையோ எழுத்தோ தங்கப் பூச்சாக இருக்கும். அந்த இடத்தை ஒற்றி எடுப்பதோடு விட்டுவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் தங்கம் துணிக்குப் போய்விடும்.

ஸ்பிரிட், டர்பன்டைன், அஸிடோன் மூன்றும் தீப்பற்றும் வஸ்துக்கள். சமையலறையில் இந்த வேலை கூடாது. சுவாமி விளக்கு எரியும் கூடத்திலும் கூடாது. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டோ, பால்கனியிலோ செய்யுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாமல், வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். இன்னொன்று முக்கியம்: மண்ணெண்ணெயையும் டர்பன்டைனையும் டம்ளரிலோ, குடிதண்ணீர்ப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது நம் தேசத்தில் இன்னும் நடக்கிறது. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இப்போது செய்யக் கூடாதவை. புளியும் எலுமிச்சம்பழமும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லவை. கரி எஃகுக்குச் சத்துரு. அரிவாள்மணையில் மாங்காய் நறுக்கினால் கறுத்துவிடுகிறது, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கறுப்பு இங்கேயும் வரும். செங்கல் தூளும் சாம்பலும் கீறலை உண்டாக்கும். வெளுக்கும் திரவங்கள் ஒரே நாளில் புள்ளி புள்ளியாகத் துருவை வரவழைக்கும். "நெருப்பில் காட்டினால் எண்ணெய் எரிந்துபோகும்" என்று யாராவது யோசனை சொன்னால், அவரை மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள். இந்த எஃகு 200 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் சூடேறினாலே பதம் இழக்கத் தொடங்கும். அதன்பின் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லாமல் விடக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மருமகள் இப்படித்தான் கத்தியும் பஞ்சுமாக உட்கார்ந்தாள். மாமியார் வந்து பார்த்தார்.

"வேண்டாம்மா. அதை அப்படியே வை" என்றார்.

"பிசுக்கைத்தான் எடுக்கிறேன், அத்தை."

"அது அவர் கையால் தடவிய எண்ணெய்ம்மா."

மருமகள் பதில் பேசவில்லை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, பிசினுக்கு அடியில் முளைத்திருந்த சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைக் காண்பித்தாள். "இந்த எண்ணெயே இப்போது கத்தியைத் தின்றுகொண்டிருக்கிறது, அத்தை. மாமா எண்ணெய் தடவியது கத்தி நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே?" என்றாள். மாமியார் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, துடை. ஆனால் புது எண்ணெயை நான்தான் தடவுவேன்" என்றார். தடவினார். இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர்தான் தடவுகிறார்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அவர்களைக் கேட்காமல் இந்தக் காரியத்தில் இறங்காதீர்கள். அலகு தேய்ந்திருக்கும் விதமும், பிடியில் விரல் பட்டு வழவழப்பான இடமும்தான் அவருடைய அடையாளங்கள். எந்தத் துணியும் அவற்றைத் துடைத்துவிட முடியாது. ஆகவே அலகைப் புதிதுபோல் மின்ன வைக்க ஆசைப்பட வேண்டாம். சுத்தமாக இருந்தால் போதும்.

எண்ணெய் போனதும் கத்தியை உலர்ந்த துணியால் துடைத்து, பிடியின் இடுக்கில் மெல்லிய காகிதத்தை மடித்து நுழைத்து ஈரத்தை எடுங்கள். திறந்தபடியே, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடுங்கள். பிறகு தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அது மண்ணிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயானதால், நல்லெண்ணெய் போல உலர்ந்து பிசினாகாது. துணியில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தடவுங்கள். வழியும்படி தடவினால் தூசிக்கு விருந்து வைத்ததாகும். ஜப்பானில் கமேலியா என்ற செடியின் விதை எண்ணெயைக் கத்திகளுக்குத் தடவுவது பழைய வழக்கம். நமக்குத் தையல் எண்ணெயே போதும்.

வைக்கும் இடமும் முக்கியம். குளியலறை அலமாரி கூடாது. தோல் உறையில் நிரந்தரமாகப் போட்டு வைப்பதும் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மாத்திரை டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். சென்னை போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. எவ்வளவு கவனித்தும் துரு திரும்பத் திரும்ப வந்தால் பிடியைச் சந்தேகியுங்கள். அழிய ஆரம்பித்த செல்லுலாய்ட் அமில ஆவியைக் கக்கும். அப்படிப்பட்ட கத்தியை மற்றக் கத்திகளோடும் கத்தரிக்கோல்களோடும் சேர்த்து வைக்காதீர்கள்.

"சுத்தமாகிவிட்டதே, பேரக் குழந்தைக்கு முதல் மொட்டையைத் தாத்தாவின் கத்தியாலேயே போடலாமே" என்று யாருக்காவது ஆசை வரும். ஆசை நல்ல ஆசைதான், ஆனால் வேண்டாம். பார்வைக்குச் சுத்தமாக இருப்பது வேறு, கிருமி இல்லாமல் இருப்பது வேறு. குழந்தையின் தலைத் தோல் மிக மெல்லியது. ஒருவருக்கு உபயோகித்த கத்தியை மற்றொருவருக்கு உபயோகித்தால், ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் நோய்கள் இரத்தத்தின் மூலம் தொற்றக்கூடும். இதில் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். தாத்தாவின் கத்தியை மடக்கியபடியே தாம்பாளத்தில் வைத்து எல்லோரும் வணங்குங்கள். மழிப்பதற்கு நாவிதரிடம் உங்கள் கண்முன்னே புதுப் பிளேடு மாட்டச் சொல்லுங்கள். ஆசைக்கு ஆசையும் ஆயிற்று, குழந்தைக்குப் பத்திரமும் ஆயிற்று.

வீட்டுக்காரரே அந்தக் கத்தியால் முகம் மழிக்க விரும்பினால், முதலில் கல்லில் தீட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கூர் ஏற்றட்டும். ஒவ்வொரு முறையும் தடவியிருக்கும் எண்ணெயைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே தோல் வாரில் தீட்ட வேண்டும். வாரில் எண்ணெய் ஏறினால் பிசுக்கு மறுபடியும் அலகுக்குத்தான் திரும்பும். கூரில் பல் போல அரிப்பு விழுந்திருந்தால் அந்தக் கத்தி பார்க்கத்தான்; முகத்தில் வைக்க அல்ல. கூர் எப்படி இருக்கிறது என்று கட்டை விரலால் சோதிப்பது யாருக்குமே வேண்டாம்.

இந்த வைத்தியத்தில் சோப்பு, ஸ்பிரிட், தையல் எண்ணெய் மூன்றும் உங்கள் தையல் கத்தரிக்கோலுக்கும் பொருந்தும். அரிவாள்மணைக்கு மட்டும் சோப்பும் தண்ணீரும் போதும். சாப்பிடும் பொருள் படும் இடத்தில் டர்பன்டைனுக்கு வேலை இல்லை. பரண் ஒழிக்கும் நாளில் இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டால், டிரங்குப் பெட்டியின் அடித்துணியை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.